முதல் கேள்விக்கே படிந்த பள்ளிக்கூடம்

கடைத்தெருவில் அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. 'பாதிவிலை' என்றால் போதும், யாரும் அந்த எவர்சில்வர் பாத்திரக்கடைக்கு வழி காட்டிவிடுவார்கள். எந்தப் பொருளுக்கு எவர் என்ன விலை சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது "பாதிக்குத் தருவியா?" என்பதுதான். பல் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்தில் டாக்டர் தொகையைச் சொன்னதும், வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டே ஆள்காட்டி விரலை நீட்டி, அதன் நடுவில் மறு கையால் வெட்டிக் காட்டியவர் அவர். டாக்டர் மிரண்டு போய் விரலில் என்ன அடிபட்டது என்று கேட்டாராம்.

பாதிக்குக் கிடைத்தால் அவர் சந்தோஷப்படுவார் என்று நினைப்பவர்களுக்கு வியாபாரம் தெரியாது. கேட்டதும் ஒருவன் கொடுத்துவிட்டால் பாதிவிலைக்கு அன்று சோறு இறங்காது. ஒன்று, கால் பங்குக்குக் கேட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சரக்கில் ஏதோ ஓட்டை. இரண்டில் எது என்று தெரியாமல் புரண்டு புரண்டு படுப்பார். விற்பவன் தலையில் கை வைக்க வேண்டும். "உங்களுக்கு வித்துட்டு நான் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்" என்று புலம்ப வேண்டும். பொருளைப் பிடுங்கி உள்ளே வைக்க வேண்டும். இவர் தெருவில் இறங்கி நடக்க வேண்டும். அவன் பின்னாலிருந்து கூப்பிட வேண்டும். இத்தனையும் நடந்து கைக்கு வந்தால்தான் அது வாங்கின பொருள். மற்றதெல்லாம் தலையில் கட்டின பொருள்.

இவருக்கு ஒரே மகள். வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். படித்துக்கொண்டிருந்த பள்ளியில் அதற்கு மேல் வகுப்பு கிடையாது. இனி இரண்டே வழி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அரசுப் பள்ளி. அதை எல்லோரும் 'பெரிய ஸ்கூல்' என்பார்கள். மேட்டுச் சாலையில் முகப்பு முழுக்கக் கண்ணாடி பதித்துப் புதிதாக வந்திருக்கும் தனியார் பள்ளி. அது 'கண்ணாடி ஸ்கூல்'.

"கண்ணாடி ஸ்கூல்தான்," என்றாள் மனைவி. "என் தங்கச்சி பையன் அங்கதான் படிக்கிறான். அவ வாயைத் திறந்தா எங்க ஸ்கூல், எங்க ஸ்கூல்ங்கிறா. ஏதோ அவளே செங்கல் சுமந்து கட்டின மாதிரி."

"எனக்குப் பெரிய ஸ்கூல்தான்ப்பா வேணும்," என்றாள் பாப்பா. "அங்க லேப்ல நம்மளே ஊத்தலாம்."

"என்னத்தை ஊத்தறது?"

"எல்லாத்தையும். போன வருஷம் எங்க டீச்சர் கூட்டிட்டுப் போனாங்கல்ல? கண்ணாடி ஸ்கூல்ல டிவியில காட்டுவாங்களாம். ஊத்த விட மாட்டாங்களாம். சித்தி பையன்தான் சொன்னான்."

பாதிவிலை சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்து, ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மெல்லப் பேசு. ஆசையை இப்படியா நடுவீட்டுல போட்டு உடைக்கிறது? இது வேணும்னு மூஞ்சில எழுதி ஒட்டிக்கிட்டுப் போனா எவன் விலையைக் குறைப்பான்?"

"அது அரசாங்க ஸ்கூல்ப்பா. விலையே கிடையாது."

"விலை இல்லாத பொருள் உலகத்துல இல்ல. சொல்லாம வெச்சிருப்பாங்க. ரெண்டு கடையும் ஏறி இறங்கிப் பார்ப்போம். நீ எங்கயும் வாயைத் திறக்கக் கூடாது. நான் பேசிக்கிறேன்."

பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு அப்பாவைத் தெரியும். ஒரு பொருள் பிடித்துவிட்டால் அதை அவர் திட்டுகிற திட்டு காது கொடுத்துக் கேட்க முடியாது. பெரிய ஸ்கூலை அவருக்குப் பிடித்துவிடக் கூடாதே என்பதுதான் அவளுடைய முதல் கவலை. பிடிக்காமல் போய்விடக் கூடாதே என்பது இரண்டாவது.

கண்ணாடி ஸ்கூலுக்கு மூவரும் போனார்கள். வரவேற்பறையில் குளிர் காற்று ஓடிக்கொண்டிருந்தது. சேர்க்கைக்குப் பொறுப்பான இளைஞர் கழுத்தில் டை கட்டி, அது மேசையில் படாமல் ஒரு கையால் பிடித்தபடியே குனிந்து வணங்கினார். மனைவிக்கு ஜூஸ் வந்தது. பாப்பாவுக்கு ஒரு பலூன் வந்தது. எட்டாம் வகுப்பு முடித்த பெண் பலூனை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலிக்கடியில் காலால் தள்ளினாள்.

டைக்காரர் வருஷத்துக் கட்டணத்தைச் சொன்னார். மனைவி மூச்சை உள்ளே இழுத்தாள். பாதிவிலை நாற்காலியில் சாய்ந்து, கூரையைப் பார்த்து, அன்றைய வேலையைத் தொடங்கினார்.

"பாதிக்கு முடியுமா?"

வீட்டிலிருந்து கிளம்பும்போதே அவர் எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தார். ஒரு பெருமூச்சு இருந்தது. வேறு பள்ளிக்காரர்கள் வீடு தேடி வருவதாக ஒரு கதை இருந்தது. எழுந்து கதவு வரை நடப்பது இருந்தது. கதவுக்குமிழில் கை வைத்துத் திரும்பிப் பார்ப்பது இருந்தது.

"ஓகே சார்," என்றார் டைக்காரர்.

சாய்ந்திருந்த பாதிவிலை நிமிர்ந்து உட்கார்ந்தார். மனைவி அவர் தொடையில் கிள்ளினாள், மகிழ்ச்சி தாங்காமல். அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"வேன்?" என்றார்.

"வேன் ஃப்ரீ பண்ணிடலாம் சார்."

"யூனிஃபார்ம்?"

"உங்களுக்காகப் பண்ணித் தர்றோம் சார்."

ஒரு இடத்திலாவது இவன் முறைக்க மாட்டானா என்ற ஆசையில் பாதிவிலை வாய்க்கு வந்ததைக் கேட்டார். "என் சம்சாரம் பார்க்க வர்றப்போல்லாம் இதே மாதிரி ஜூஸ் தரணும்."

"அது எங்க சந்தோஷம் சார். மேடம் எந்த நேரமும் வரலாம்."

அதற்கு மேல் கேட்க அவருக்குத் தெம்பில்லை. பள்ளியைச் சுற்றிக் காட்டினார்கள். வகுப்பறைகளில் நாற்காலிகள் பாலிதீன் உறை பிரிக்காமல் இருந்தன. லேப் கதவைத் திறந்ததும் புதுக் கடை வாசனை அடித்தது. அலமாரி நிறைய பீக்கர், குடுவை, சோதனைக் குழாய். பாதிவிலை ஒரு பீக்கரை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். கீறல் இல்லை. கறை இல்லை. அடியில் விலைச்சீட்டு ஒட்டிய பசை மட்டும் இருந்தது. அவர் கடையிலும் வாசலில் ஒரு பெரிய அண்டா உண்டு. பல வருஷமாக அது பளபளப்பது வாசலுக்காக. அதில் ஒரு நாளும் யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை.

"ஒன்பதாவதுல எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டார்.

"இங்க ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கவனம் சார்," என்றார் டைக்காரர்.

வெளியில் வந்ததும் மனைவி தங்கைக்குப் போன் போட்டாள். "பாதிக்கு முடிச்சிட்டார்டி உங்க மாமா! வேன் கூட சும்மா! நீ எவ்வளவு கட்டினே? ஐயையோ... முழுசுமா?" அவள் முகம் கல்யாணக் களையாக இருந்தது. போனுக்குள் தங்கை அழுகிற மாதிரி சத்தம் கேட்டது.

பாதிவிலை பைக்கை உதைத்துக்கொண்டே, "சரக்கு தேங்கிக் கிடக்கு," என்றார்.

"உங்களுக்குக் குறைச்சாலும் தப்பு, குறைக்காட்டியும் தப்பு."

"ஒருத்தன் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லலையேம்மா. ஒரே ஒரு வார்த்தை. மனுஷனுக்கு மரியாதைன்னு ஒன்னு வேணாமா?"

"எனக்கு அந்த ஸ்கூல்தான். நாளைக்கு உங்க பொண்ணைக் கூட்டிட்டு அந்தப் பழைய கொட்டகையையும் போய்ப் பாருங்க. நான் வரல. பார்த்துட்டு வந்து இங்கயே பணத்தைக் கட்டுங்க."

அன்று இரவு அப்பா சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததில் பாப்பாவுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

மறுநாள் பெரிய ஸ்கூலில் தலைமையாசிரியையைத் தேடுவதே பெரும்பாடாகிவிட்டது. அறையில் இல்லை. கடைசியில் மைதானத்து ஓரம், கால் உடைந்த பெஞ்சுகளைக் கவிழ்த்துப் போட்டு ஆணி அடிக்கும் தச்சருக்குப் பக்கத்தில் நின்று வேலை வாங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இவர்களைப் பார்த்தார்.

"என்ன விஷயம்?"

"ஒன்பதாவது சேர்க்கணும்," என்றார் பாதிவிலை, சேர்த்தாலும் சரி சேர்க்காவிட்டாலும் சரி என்பது போல.

"இடம் இல்ல."

பாதிவிலையின் உடம்பில் ரத்தம் ஓடத் தொடங்கியது. இதுதான் கடை. இவள்தான் கடைக்காரி! அவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இடம் இல்லையா? நல்லதாப் போச்சு. நானும் சும்மா பார்த்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன். சுவரெல்லாம் விரிசல் விட்டிருக்கே?"

"விட்டிருக்கு."

"பெஞ்சு ஒன்னுக்கும் கால் இல்ல போலிருக்கு."

"அடிச்சிக்கிட்டிருக்காங்க பாருங்க."

"லேப்புன்னு ஒன்னு இருக்காமே, பிள்ளைங்க நாசம் பண்ணி வெச்சிருக்கறதா? வழியில எட்டிப் பார்த்தேன். மேசையெல்லாம் கரிஞ்சு ஓட்டை. குழாய்ங்க வாய் உடைஞ்சு கிடக்கு. இதுல எல்லாம் படிக்க வைக்கவா?"

பாப்பா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பாவுக்கு இந்தப் பள்ளி உயிருக்குயிராய்ப் பிடித்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. அது புரிந்தவள் அந்த மைதானத்தில் அவள் ஒருத்திதான்.

"கஷ்டம்தான்," என்றார் தலைமையாசிரியை. "நீங்க வேற நல்ல இடமாப் பாருங்க. அந்த ஆணி நேரா இறங்கலப்பா, திருப்பி அடி."

பாதிவிலை நடந்தார். கூப்பிடத் தோதாக மெதுவாகத்தான் நடந்தார். கொடிக்கம்பத்தைத் தாண்டினார், கூப்பிடவில்லை. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினார், கூப்பிடவில்லை. நுழைவாயிலில் நின்று செருப்புக்குள் கல் போனது போல் செருப்பைக் கழற்றி உதறினார். பின்னால் சுத்தியல் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா, அவங்க மறந்தே போயிட்டாங்க," என்றாள் பாப்பா.

"மறக்கறதாவது. பிடிவாதக்காரி. பெரிய வியாபாரி."

"வியாபாரி இல்லப்பா. டீச்சர்."

கூப்பிடாத கடைக்குத் திரும்பிப் போவது என்பது அவர் வாழ்க்கையில் நடக்காத காரியம். அந்த அவமானத்தைத் துடைக்க, வாங்குகிறவனாகப் போகாமல் விற்கிறவனாகப் போகலாம் என்று வழி கண்டுபிடித்தார். பாப்பாவின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளிக்கொண்டு திரும்பினார்.

"அம்மா, பொருளைப் பார்க்காமலே வேணாம்னு சொல்லிட்டீங்களே. எம் பொண்ணைப் பாருங்க. நல்ல கனம். எவ்வளவு சூடு வெச்சாலும் தாங்குவா. எங்க வெச்சாலும் நேரா உட்காருவா, ஆட மாட்டா. இத்தனை வருஷத்துல ஒரு நெளிவு கிடையாது."

தச்சர் சுத்தியலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். தலைமையாசிரியை கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

"என்ன கடை வெச்சிருக்கீங்க?"

"பாத்திரக்கடை."

"தெரியுது. கணக்குல என்ன மார்க்கு?"

சொன்னார்.

"கம்மியா இருக்கே."

"கம்மியா?" பாதிவிலைக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. மற்றவர் சரக்கை அவர் குறை சொல்லலாம். அவர் சரக்கில் யார் குறை சொல்வது? "எம் பொண்ணை வேணாம்னு சொல்ற அளவுக்கு உங்க ஸ்கூல் என்ன பெரிய இதுவா? கண்ணாடி ஸ்கூல்ல வேன், யூனிஃபார்ம் எல்லாம் சும்மா தந்து கையைப் பிடிச்சு இழுக்கறாங்க!"

"அப்புறம் ஏன் இங்க நிக்கிறீங்க?"

பாதிவிலை மேல்துண்டை எடுத்து மறு தோளில் போட்டுக்கொண்டார். இத்தனை வருஷத் தொழிலில் இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

தலைமையாசிரியை அவரை விட்டுவிட்டுப் பாப்பா பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. அப்பாவுக்கு இங்க எதுவும் பிடிக்கல. உனக்கு எங்க படிக்கணும்?"

பாதிவிலை மகளைப் பார்த்துக் கண்ணை அகல விரித்தார். சொல்லாதே என்று அர்த்தம். கடையில் நோட்டமிடுகிற வாடிக்கையாளர் முன்னால் இப்படி விரித்தால் கடைப்பையன்கள் கல்லாகிவிடுவார்கள்.

"எனக்கு இங்கதான் படிக்கணும் டீச்சர்," என்றாள் பாப்பா. "வேற எங்கயும் வேணாம். எங்கப்பாவுக்கும் இந்த ஸ்கூலை ரொம்பப் பிடிச்சிருக்கு. பிடிச்சா அப்படித்தான் திட்டுவாரு."

போச்சு. பாதிவிலை கண்களை மூடிக்கொண்டார். நடுச்சந்தையில் மகள் மடியிலிருந்த காசை அவிழ்த்துக் காட்டிவிட்டாள். இனி இந்த அம்மாள் சொன்னதுதான் விலை.

"ஏன் இங்க?"

"போன வருஷம் இங்க லேப்ல, நீலத் தண்ணியில ஒரு இரும்பு ஆணியைப் போட்டு வெச்சோம். எடுத்துப் பார்த்தா செம்பு ஏறியிருந்துச்சு. யாரும் பூசல, தானா ஏறிச்சு. எப்படின்னு கேக்கறதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க. அன்னையிலேர்ந்து யோசிச்சிட்டிருக்கேன்."

பாதிவிலை கண்ணைத் திறந்தார். "இரும்பு மேல செம்பா? ஏய், எங்க தொழில்ல இதைப் பண்ணினா உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க!"

"இங்க பண்ணினா மார்க்கு," என்றார் தலைமையாசிரியை. பிறகு பாப்பாவிடம், "கிட்ட கிட்டத்தான் உட்காரணும். ஒரு பெஞ்சுல மூணு பேர் இருக்காங்க, நீ நாலாவது. பரவாயில்லையா?"

"பரவாயில்ல டீச்சர்."

"திங்கக்கிழமை வா."

"செம்பு எப்படி ஏறுதுன்னு..."

"இப்ப சொல்ல மாட்டேன். திங்கக்கிழமை வா." அவர் மறுபடி பெஞ்சுகளின் பக்கம் திரும்பிவிட்டார்.

பாதிவிலை பைக்கைக் கிளப்பினார். பாப்பா பைக்கில் பின்னால் உட்கார்ந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். சிரிப்பை அடக்குகிறாளா, அழுகையையா என்பது முதுகுக்குத் தெரியவில்லை. அவர் மனசு கண்டபடி அடித்துக்கொண்டது. அவர் பேசிய பேச்சுக்கெல்லாம் இடம் கிடைக்கவில்லை. சுவரைத் திட்டி, பெஞ்சைத் திட்டி, நுழைவாயில் வரை நடந்து, திரும்பி வந்து சரக்கை விரித்துக் காட்டி, ஒன்றுக்கும் அந்த அம்மாள் மசியவில்லை. இந்தப் பொண்ணு 'வேணும்' என்று ஒரு வார்த்தை சொன்னாள். கொடுத்துவிட்டார்கள். இது என்ன நியாயம்? இத்தனை காலமாக அவர் தெருத்தெருவாக நடந்து திரும்பிப் பார்த்ததெல்லாம் எதற்கு?

அதைவிடப் பெரிய கவலை ஒன்று கடைத்தெரு முனை திரும்பும்போது வந்து உட்கார்ந்தது. அவருக்குப் பிறகு கல்லாவில் பாப்பாதான் உட்காருவாள் என்று அவர் நினைத்திருந்தார். யாரிடமும் சொன்னதில்லை; ஆசையைச் சொல்லும் வழக்கம் அவருக்கில்லை. இப்போது அந்தக் கல்லாவில் அவளை உட்காரவைத்துப் பார்த்தார். மொத்தச் சரக்குக்காரன் வருகிறான். "உங்க குக்கர்தான் எங்களுக்கு வேணும், வேற எங்கயும் வாங்க மாட்டோம்," என்கிறாள் இவள். இன்னொருத்தன் கரண்டிக்கு விலை கேட்கிறான். "எங்களுக்கு அடக்க விலை இவ்வளவுதான்," என்கிறாள். ஒரே வாரத்தில் கடை காலி. வாசல் அண்டாவைக் கூடத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

வீட்டுக்கு வந்து, பாப்பா முகம் கழுவப் போனதும், மனைவியை அடுக்களைக்குள் அழைத்து, பக்கத்தில் உட்கார வைத்தார்.

"என்னங்க, இப்படிப் பயமுறுத்தறீங்க? என்ன ஆச்சு?"

"மனசைத் திடப்படுத்திக்கோ. பாப்பா வியாபாரத்துக்கு ஆக மாட்டா."

"என்ன சொல்றீங்க?"

"என் கண்ணால பார்த்தேன். முன்னப் பின்னத் தெரியாத மனுஷிகிட்ட, இது வேணும், எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றாம்மா. கண்ணைக் காட்டினேன், கேக்கல. என் குட்டையும் சேர்த்து உடைச்சுட்டா."

மனைவியும் கடைக்கார வீட்டில் பிறந்தவள்தான். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "எங்க வீட்டுப் பக்கம் யாரும் அப்படி இல்லையேங்க."

"எங்க வீட்டுலயும் இல்ல."

"சின்னப் பொண்ணுதானே, போகப்போகச் சரியாயிடாதா?"

"நடுச்சந்தையில நின்னு உண்மையைச் சொல்றவ இனிமே எங்க சரியாகப் போறா? அவளுக்கு மிச்சம் இருக்கறது படிப்பு ஒன்னுதான். அதை நல்லாப் படிக்க வைக்கணும். விளையாட்டுக் காரியம் இல்ல. பலூன் குடுத்துக் கூப்பிடற இடத்துல விட முடியாது. அந்தப் பெரிய ஸ்கூல் டீச்சர் இருக்காளே, இரும்பு. நானே மூணு தடவை முட்டிப் பார்த்துட்டேன், அசையல. அவகிட்டதான் விடணும்."

"தங்கச்சிகிட்ட என்ன சொல்றது? பாதிக்கு முடிஞ்சதுன்னு நேத்துதான் சொன்னேன்."

"உள்ளதைச் சொல்லு."

மனைவி போனை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். பாப்பா துண்டால் முகம் துடைத்தபடி வந்து, அப்பா குடிக்காமல் வைத்திருந்த தேநீரில் பாதியைக் குடித்துவிட்டு, "திங்கக்கிழமைக்கு எனக்கு ஒரு ஆணி வேணும்ப்பா, துரு பிடிக்காததா," என்றாள்.

கூடத்திலிருந்து அம்மாவின் குரல் தழுதழுத்தது. "ஆமாடி... இல்ல, நாங்க முன்னாடி கவனிக்கல... கண்ணாடி ஸ்கூல் இவளுக்குப் பத்தாது... ஆமா, படிக்கத்தான் வைக்கணும்னு அவர் சொல்லிட்டார்... நீ வருத்தப்படாதே, உன் பையன் நல்லா இருக்கான்ல? அவன் பொய் சொல்றான்ல? அது போதும்டி."